மலை நகர்ந்த தேதி

கௌஹரின் இரண்டாவது கணவன் தண்ணீர். மழை பொய்த்த ஒரு வருஷம் ஈரானின் சங்காப் என்ற மலையூரார் கூடி, மலைக்கு அடியிலிருந்து வரும் சுரங்கக் கால்வாய்க்கு அந்த விதவையை நிக்காஹ் செய்துவைத்து, அவள் பங்குக்குக் கோதுமையும் அளந்தார்கள். மாதம் ஒருமுறை அவள் இறங்கிக் குளிப்பாள். தண்ணீர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. அதன்பின் எந்தக் கோடையிலும் குங்குமப்பூ வயல்கள் காயவில்லை.

"என்னக்கா, வீட்டுக்காரர் இன்னிக்கும் சில்லுன்னுதானா?" என்பாள் பக்கத்து வீட்டு நுஸ்ரத்.

"உன் ஆளு மாதிரி குறட்டை விடமாட்டார்டி, அது போதும்."

பிறகு டெஹ்ரானிலிருந்து ஃபரங்கீஸ் என்ற ஆராய்ச்சிக்காரி வந்தாள். அடிவாரத்து நிலவெடிப்பின் குறுக்கே பள்ளம் தோண்டி, வெளிச்சம் படாமல் கறுப்புக் கம்பளிக்குள் புகுந்துகொண்டு, மண்சுவரில் இரும்புக் குழாய்களை அடித்து இறக்கினாள். மண் நிறைந்த குழாய்களைக் கௌஹரின் வீட்டில்தான் வைத்தாள்.

"மலை கடைசியா எப்ப நகர்ந்துச்சுன்னு இந்த மண்ணுதான் சொல்லணும்க்கா. கிட்டத்துலன்னா, மறுபடி நகரும்னு ஊரையே சமவெளிக்கு மாத்திடுவாங்க. குழாயைத் திறந்துடாதீங்க. வெயில் பட்டா மண்ணு தன் வயசை மறந்துடும்."

தண்ணீரை விட்டுவிட்டுக் கௌஹர் எங்கே போவாள்? வயசை மறந்த மண் வாயைத் திறக்காது, ஊரும் நகராது என்று கணக்குப் போட்டாள். எல்லோரும் தூங்கிய ஒரு மத்தியானம் மண்ணைத் தட்டுகளில் கொட்டி, புளிப்புப் பழம் காயவைப்பதுபோல் விரலால் கிளறிக் கிளறி வெயில் காட்டினாள். மறுபடி அடைத்து மூடி வைத்துவிட்டாள்.

குழாய்களை எடுத்துப்போன ஃபரங்கீஸ் பனி உருகும் காலத்தில் முடிவோடு வந்தாள். "ஒண்ணும் புரியலக்கா. மலை நகர்ந்தது இன்னிக்குன்னு வருது." அவள் வாய் மூடுவதற்குள் மலை ஓர் ஆள் உயரம் எழுந்து நின்றது. சத்தம் இல்லை. கையிலிருந்த தேநீர்கூடத் தளும்பவில்லை. கால்வாய் மட்டும் நடுவில் அறுந்து வற்றிப்போனது.

ஊர் லாரிகளில் ஏறிச் சமவெளிக்கு இறங்கியது. "வாக்கா, இனி இங்க யாரு இருக்கா உனக்கு?" என்று நுஸ்ரத் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெளிய போன மனுஷன் திரும்பி வந்தா, பூட்டுன கதவையா பாக்கணும்?"

அன்று மாலை, புதிதாக எழுந்த மண்சுவரின் அடியில் தண்ணீர் கசிந்தது. மேட்டை நோக்கி ஏறி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போனது. காலையில் படுக்கையின் ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது.

இப்போது சமவெளிக்காரர்கள் வெள்ளிதோறும் குடங்களோடு மேலே வருகிறார்கள். "கௌஹரக்கா, வீட்டுக்காரரைக் கொஞ்சம் எழுப்பிவிடேன்" என்று வாசலில் நின்று குரல் கொடுக்கிறார்கள். அவள் உள்ளே திரும்பி என்னவோ முணுமுணுக்கிறாள். தண்ணீர் படியிறங்கி வருகிறது, குடங்களை நிறைக்கிறது, வந்த வழியே வீட்டுக்குள் போய்விடுகிறது.