மூன்றாகிப் போன எழுத்து

1

"இந்த மெஷின் போயிட்டா, இதுக்குள்ள இருக்கிற எழுத்தெல்லாம் எங்கம்மா போகும்?"

குமாசி நகரத்துப் பன்டாமாவில் தட்டச்சு செய்து அச்சடித்துத் தரும் ஒரு சின்னக் கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை, மாமே அச்சியா கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவள் அங்கே தட்டச்சு செய்கிற பெண். யார் எதைக் கேட்டாலும் அவளுடைய பதில் நாலு நாள் கழித்துத்தான் வரும், அதுவும் நோட்டில். இந்தக் கதை அப்படி வந்த பதில். [பதில் என்பது அதிகம். வந்தது, அவ்வளவுதான்.]

இதை எழுதுகிறவளுக்கு 'நான்' என்று எழுத வெட்கம். ஆகவே செர்வா என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயது. பள்ளியைப் பாதியில் விட்டவள். ஏன் விட்டாள் என்பது வேறொரு நோட்டில் இருக்கிறது. அதை உங்களிடம் காட்டமாட்டாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அர்மாட்டன் என்கிற வறண்ட காற்றின் தூசி குமாசியை மூடியிருந்த ஒரு பிற்பகலில்

(வேண்டாம். தூசியில் தொடங்கினால் கதை தூசியிலேயே நின்றுவிடும்.)

இன்னொன்று: ஓர் இயங்குதளம் சாகும்போது சத்தமே வராது, ஆனால்

(இயங்குதளம் என்றால் என்ன என்று மாமே அச்சியா கேட்பார். கணினிக்கு உள்ளேயிருந்து எல்லாவற்றையும் நடத்துகிற, கண்ணுக்குத் தெரியாத)

சரி, நடந்தபடியே: அதே செவ்வாயன்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தப் பழைய அமைப்புக்கு எங்கள் ஆதரவு முடிகிறது.

கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் அதை உரக்கப் படித்தார்.

"ஆதரவு முடியுதாம்ல! இத்தனை வருஷம் எப்ப ஆதரிச்சான்? கரண்ட் போனப்ப வந்து மெழுகுவத்தி பிடிச்சானா?"

நகலெடுக்க வந்திருந்த பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "புதுசுல நாம என்ன அடிக்கிறோம்னு அவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்களாம், மாஸ்டர்."

"உங்க பிரசங்கத்தையா? பாவம், தூங்கிடுவாங்க."

செர்வா சிரிக்கவில்லை. அந்தப் பழைய திரையின் நீலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், ஏரிக்கரையில் கால் நனைத்துக்கொண்டிருப்பதுபோல் அவளுக்கு இருக்கும். ஏரியை யாரோ சுருட்டி எடுத்துப்போகப் போகிறார்கள் என்பதுதான் அவளுக்கு எட்டிய செய்தி.

3

இங்கே எழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் மொழியில் இரண்டு எழுத்துகளுக்கு விசைப்பலகையில் இடமில்லை. ஒன்று 3-ஐத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கும்: ɛ. மற்றது மூடும் அடைப்புக்குறிபோல்: ɔ. பழைய கணினியில் எந்தப் புண்ணியவானோ செய்து போட்ட எழுத்துரு ஒன்று இருந்தது. 3-ஐத் தட்டினால் ɛ விழும், அடைப்புக்குறியைத் தட்டினால் ɔ விழும். கைபேசியில் அது கிடையாது. ஆகவே கைபேசியில் ஊரே வெறும் 3-ஐயும் அடைப்புக்குறியையும் போட்டு அனுப்பும். ஊரே அதைச் சரியாகப் படிக்கும்.

மாமே அச்சியாவின் கணவர் அம்போஃபோ லாரி ஓட்டியவர். சனிக்கிழமை அவருக்கு இறுதிச் சடங்கு. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் மனைவிக்கு ஒரு பக்கம். செவ்வாயன்று மாமே அச்சியா சொல்லச் சொல்ல, செர்வா அதைப் பழைய கணினியில் அடித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவர் கைபேசியை நீட்டினார். வடக்கே டெச்சிமான் சாலையிலிருந்து கணவர் அனுப்பிய கடைசிச் செய்தி, ஒரே சொல்: M3ba. வந்துடுவேன்.

"இதோட முடிச்சிடும்மா."

கண்ணாடி கொண்டுவராததால் அவர் திரையைப் பார்க்கவில்லை. மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்.

புதனன்று ஒருவர் வந்து, கோப்புகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, பழையதைத் துடைத்துப் புதியதைப் போட்டார். அந்த எழுத்துரு அதோடு போயிற்று.

4

வியாழன் மதியம் அம்போஃபோவின் தங்கை ஆன்ட்டி ஃப்ரெமா வந்தார். புத்தகம் அவர்கள் குடும்பத்தின் பொறுப்பு. புதிய திரையில் மனைவியின் பக்கம் முழுக்க மூன்றுகளும் அடைப்புக்குறிகளுமாக இருந்தது.

"என்னடி இது, கோழி கிளறின மாதிரி? எங்க பொண்டாட்டி சொன்னதா, உன் கை போன போக்கா?"

அண்ணன் மனைவியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். செர்வா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போயாகணும். சரியா வந்தா வை. இல்லாட்டி இந்தப் பக்கத்தையே எடுத்துட்டு லாரி போட்டோவப் போடு."

[முதல் பிரதியில் ஆன்ட்டி ஃப்ரெமாவைக் கெட்டவராக எழுதியிருந்தாள். தங்கப்பல்லும் கொடுத்திருந்தாள். இப்போது அடித்துவிட்டாள். அவர் வந்தபோது கடையிலிருந்த எல்லோருக்கும் கெங்கே என்கிற சோள உருண்டையும் பொரித்த மீனும் வாங்கி வந்திருந்தார். அண்ணனைப் பிணவறையில் வைத்துவிட்டு மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காதவர். கதைக்கு ஒரு கெட்டவர் தேவைப்பட்டால் நீங்களே கொண்டுவாருங்கள்.]

செர்வா புதியதின் சிறப்புக் குறிகளுக்குள் அந்த இரண்டு எழுத்தையும் தேடிப் பிடித்து, ஒரே கட்டளையில் எல்லா 3-ஐயும் ɛ ஆக்கினாள், எல்லா மூடும் அடைப்புக்குறியையும் ɔ ஆக்கினாள். பக்கம் பளிச்சென்று ஆனது. தலைப்பில் மட்டும் அம்போஃபோவின் ஆண்டுகள் இப்படி நின்றன: (195ɛ – 2024ɔ*

* உடனே திருத்திவிட்டாள். ஆனாலும் திருத்துமுன் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை. அப்படியென்றால் அம்போஃபோ இன்னும் அதற்குள்ளே, டெச்சிமான் தாண்டி, சன்னலில் முழங்கையை ஊன்றியபடி, தூசிக்குள் மெதுவாக

5

மூன்றரைக்கு மாமே அச்சியா கண்ணாடியோடு வந்தார். விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனவர் கடைசிச் சொல்லில் நின்றார்.

"இது யாரு எழுதினது?"

"அண்ணன் அனுப்பினதுதானே? நீதானே சொன்ன?" என்றார் ஆன்ட்டி ஃப்ரெமா.

"அவரு மூணு போடுவாரு. இது வாத்தியார் எழுதின மாதிரி இருக்கு. வாத்தியார் எனக்கு எதுக்கு வர்றேன்னு எழுதணும்?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

"மூணு போட்டா ஊரு சிரிக்கும்," என்றார் ஆன்ட்டி ஃப்ரெமா. "எழுதவே தெரியாத வீடும்பான். அச்சுல வர்றது அழியாது, தெரியுமா?"

"அழியக் கூடாதுன்னுதான் சொல்றேன், ஃப்ரெமா."

"அப்ப இந்தப் பக்கமே போகாது. அவ்வளவுதான்."

மாமே அச்சியா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது அந்த ஒரு பக்கம்தான். மற்ற முப்பத்தொன்பதும் கணவரின் குடும்பத்துக்கு.

6

முடிவு ஒன்று: செர்வா எழுந்து நின்று, "ஆன்ட்டி, எழுத்துங்கிறது" என்று தொடங்கி அழகாகப் பேசுகிறாள்.

(பொய். அவள் இதுவரை எங்கேயும் எழுந்து நின்று பேசியதில்லை.)

வேறொன்று: அந்த 3 பக்கத்திலிருந்து இறங்கி, சின்ன வாத்துபோல் அசைந்து அசைந்து, கெஜெட்டியா சந்தைக் கூட்டத்தைக் கடந்து, வடக்கே போகும் சாலையில் யாரையோ எதிர்கொண்டு அழைக்க

(இதை மதியத் தூக்கத்தில் கண்டாள். பிடித்திருக்கிறது. ஆனால் அச்சகம் நாலு மணிக்கு.)

நடந்தது இது. யாரும் சொல்லாமலே அவள் கடைசிச் சொல்லுக்குப் போனாள். ɛ-ஐ அழித்தாள். 3-ஐத் தட்டினாள். பக்கம் முழுவதும் சரியான எழுத்து, ஒரு சொல் மட்டும் கைபேசியில் வந்தபடி. அச்சிடும் கட்டளையைத் திறந்து, திரையை இருவர் பக்கமும் திருப்பிவைத்தாள். கணினி கேட்டது: அச்சிடவா?

இதற்கு மேல் இதை எழுதுகிறவளால் முடியாது. விசை உங்களிடம் இருக்கிறது. பக்கம் புத்தகத்தில் இருக்குமா, லாரியின் படம் இருக்குமா, நீங்களே அழுத்துங்கள். அழுத்துமுன் இதை மட்டும் பாருங்கள்:

ஆன்ட்டி ஃப்ரெமா திரையருகே குனிந்தார். தன் கைபேசியை எடுத்தார். கட்டைவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், அண்ணன் அனுப்பிய ஒரு செய்தியில் நிறுத்தினார். கைபேசியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார். மாஸ்டர் மணியைச் சொன்னார். மாமே அச்சியா அண்ணாந்து ஆன்ட்டி ஃப்ரெமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி ஃப்ரெமா கைபேசியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். கறுப்புத் துணியைத் தோளில் இழுத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.