விளக்கிச் சொன்னவர் கையெழுத்து

"கையைத் துடைச்சிட்டு வா. ஒரே ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் தலைமை ஆசிரியை, சமையலறை வாசலில் நின்றபடி.

அந்த மழலையர் பள்ளியில் சமையலம்மாவுக்கு அடுப்பு வேலையோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்களின் பாஷை அங்கே வேலை பார்ப்பவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த வீடுகளிலிருந்து தாய்மார் வந்தால், அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப்போய், பள்ளி பாஷையில் சொல்வதை வீட்டு பாஷையில் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியை பத்து நிமிஷம் பேசுவார். இவள் அரை நிமிஷத்தில் முடிப்பாள். பதிலுக்கு அந்தத் தாய் கேள்வி கேட்டாலும் சரி, அழுதாலும் சரி, "சரின்னு சொல்றாங்க மேடம்" என்பாள். யாருக்கும் வம்பில்லை.

அலுவலக அறையில் ஒரு தையல் கம்பெனிக்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அரை நாள் லீவு போட்டு வந்தவள். மடியில் நாலு வயது மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். பள்ளிக்கு வந்த மூன்று மாதத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேசைமேல் ஒரு தாள். 'இனி வீட்டில் குழந்தையிடம் பள்ளி மொழியில் மட்டுமே பேசுவேன். தவறினால் குழந்தையை மந்தமான பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு மாற்றச் சம்மதிக்கிறேன்.' அதன் கீழே இரண்டு கோடுகள். ஒன்று பெற்றோருக்கு. இன்னொன்று, 'மேற்கண்டதை அவர் மொழியில் விளக்கிச் சொன்னவர்' என்று சமையலம்மாவுக்கு. இரண்டாவது கையெழுத்து இல்லாவிட்டால் மேலிடத்தில் அந்தத் தாளை ஏற்கமாட்டார்கள். இதுபோல முப்பது தாளிலாவது அவள் போட்டிருப்பாள்.

"குழந்தையோட நல்லதுக்குன்னு சொல்லு. வீட்ல அந்த பாஷையைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ இங்க ஊமையா உக்காந்திருக்கா" என்றார் தலைமை ஆசிரியை.

அவர் கெட்ட மனுஷி இல்லை. எந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுகிறவர்தான். கெட்டவராக இருந்தால் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிடலாம். நல்லது செய்வதாக நம்பிக்கொண்டு கழுத்தை நெரிப்பவரிடம் என்ன கேட்பது?

சமையலம்மா வழக்கம்போல வீட்டு பாஷையில் ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்லம்மா, குழந்தைகிட்ட அவங்க பாஷையில பேசணுமாம்."

"அக்கா, இவ்வளவு பெரிய தாள்ல அவ்வளவுதானா எழுதியிருக்கு? ஒரு வரி விடாம சொல்லுங்க. கையெழுத்துப் போடப்போறது நான்" என்றாள் தையல்காரி.

ஒன்பது வருஷத்தில் அப்படிக் கேட்டவள் இவள்தான். சமையலம்மா ஒரு வரி விடாமல் சொன்னாள். தையல்காரி மகளை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு அவங்க பாஷையில தெரிஞ்சதே வா, போ, உக்காரு, சீக்கிரம் முடி. எல்லாம் கம்பெனியில சூப்பர்வைசர் சொல்றதுதான் அக்கா. இதை வச்சு நான் புள்ள வளக்கணுமா, ஆடு மேய்க்கணுமா? இவ விழுந்து அழுதா, எந்த வார்த்தையச் சொல்லித் தேத்துவேன்?"

"என்ன, சரின்னுதானே சொல்றாங்க?" என்று தலைமை ஆசிரியை தையல்காரியின் கையில் பேனாவைக் கொடுத்தார்.

'சரி' சமையலம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் இறங்கவில்லை. இதே மாதிரித் தாளில் முதன்முதலில் அவள் தன் மகளுக்காகத்தான் போட்டாள், இரண்டு கோட்டிலும். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வகுப்பில் முதலாவதாக வருகிறாள், ஆனால் வீட்டு பாஷை பேச வராது. மூட்டை தூக்கும் அப்பனுக்கோ பள்ளி பாஷை ஏறவே இல்லை. மகள் ஏதாவது வேடிக்கை சொன்னால், அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறான். அவள் அதை மாற்றிச் சொல்லி, அவன் சிரிப்பதற்குள் மகள் எழுந்து போய்விடுகிறாள். பெற்ற மகளோடு பேச அவனுக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அந்தக் கேவலத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

"இல்ல மேடம். சரின்னு சொல்லல" என்றாள் சமையலம்மா. பிறகு தையல்காரி சொன்னதை, சூப்பர்வைசர், ஆடு எதையும் விடாமல், அப்படியே சொன்னாள்.

தலைமை ஆசிரியையின் முகம் சிவந்தது. "இது அவ சொன்னதா, நீ சேத்துக்கிட்டதா?"

"சொன்னது அவங்க. ஆனா எனக்கும் அது நியாயமாத்தான் படுது. புள்ள ஊமை இல்ல மேடம். அவ பேசுறதைக் கேட்க இங்க ஆள் இல்ல."

"சொல்றதோட உன் வேலை முடிஞ்சது. போட்டுட்டுப் போய் அடுப்பைப் பாரு."

"போட மாட்டேன்."

"வேலை போயிடும், தெரியுமா?"

"சமைக்க ஆயிரம் பேர் கிடைப்பாங்க மேடம். இந்தக் கோட்டுல போட ஆள் தேடிப் பாருங்க." பிறகு தையல்காரியிடம் திரும்பி, வீட்டு பாஷையில் சொன்னாள்: "நீயும் போடாதே தாயி. நாம ரெண்டு பேரும் போடலேன்னா இவங்களால புள்ளைய வகுப்பு மாத்த முடியாது."

தையல்காரி பேனாவை மூடி, மேசைமேல் வைத்தாள்.

வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று சமையலம்மாவுக்குத் தெரியாது. இருந்தாலும் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதை பெஞ்சில் இதே கையெழுத்துக்காக இன்னும் நாலு தாய்மார் காத்திருந்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்கம்மா. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றேன்" என்று உரக்க ஆரம்பித்தாள். அந்தக் கட்டடத்தில் அந்த பாஷையை யாரும் முணுமுணுப்புக்கு மேல் பேசியதில்லை. ஒருத்தி எழுந்து ஏதோ கேட்டாள். இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்த வாயாடி, நடுவே புகுந்து என்னமோ சொல்ல, பெஞ்சே சிரித்தது.

தலைமை ஆசிரியை வாசலுக்கு ஓடி வந்தார். "என்ன பேசிக்கிறாங்க? என்ன சொல்றா அவ?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கேட்டார். அவள் கையை விரித்தாள். காவலாளியிடம் கேட்டார். அவனும் தெரியாது என்று தலையை ஆட்டினான். அதை அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருத்தி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டாவது வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.