ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாள்

எனக்கு பைபோலார், அதாவது மனம் அளவுக்கு மீறி எகிறிப் பிறகு ஒரேயடியாகச் சரியும் நோய், என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். மீன் எண்ணெய் குடி என்றார் பெரியப்பா. மாத்திரையை விட்டுவிடு, மூச்சுப் பயிற்சி போதும் என்றார் சின்ன மாமனார். காசா பணமா, சொல்லிவிட்டுப் போகட்டும். நான் மாத்திரையை விடவில்லை. அதற்குத் துணையாகச் சிலதைச் சேர்த்துக்கொண்டேன். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைப்பது, மதியத்துக்கு மேல் காப்பியைத் தொடாதது, காலையில் நாற்பது நிமிட நடை, நேரத்துக்குச் சாப்பாடு. கேட்கவே அலுப்பாக இருக்கும். வாழ்ந்து பார்த்தால் அதைவிட அலுப்பு. அந்த அலுப்பின் தயவில்தான் ஆறு வருஷமாக ஓர் அழகு நிலையத்தில் ஒழுங்காக வேலைக்குப் போய் ஊராருக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் காவல் ஒரு தாள். மனம் தெளிவாக இருந்த நாளில் டாக்டர் முன்னால் நானே எழுதியது. தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால், பேச்சு வேகமெடுத்தால், பாத்திரம் கழுவும்போது உரக்கப் பாடினால், பல வருஷம் பேசாத உறவுகளைத் தேடிப்பிடித்து போன் செய்தால், இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே என் கணவர் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். நான் வாயாடாமல் டாக்டரிடம் போக வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தோம்.

திங்கட்கிழமை முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். "எனக்கு முட்டி வலி தாங்கல. வெள்ளிக்கிழமை சாவியை வாங்கிக்க. இனிமே கடையை நீயே நடத்து."

மூன்று நாற்காலி, ஒரு தலை கழுவும் தொட்டி, வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. எத்தனை வருஷ ஆசை! என் கால் தரையில் படவில்லை. சுவருக்கு நிறம் பார்த்தேன், பெயர்ப்பலகை வரைந்தேன், ஒன்றுவிட்ட அத்தைகள் நான்கு பேருக்கு போன் போட்டேன். என் பாட்டைக் கேட்டு மேல்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.

வியாழன் காலை வாஷிங் மெஷின் முனகியது. நானே பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. அலமாரியிலிருந்து அதன் கையேட்டை எடுத்து விரித்தேன். உள்ளே நான்காக மடித்த தாள். ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய என் தாள்!

என் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலைச் சுற்றை முடித்துக்கொண்டு வந்தவரிடம் அதை நீட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த முகம்.

"நீ எந்தக் காலத்துலம்மா கையேடு படிச்சே? அதான் அதுக்குள்ள வச்சேன்."

"அதேதாங்க! நான் படிக்கிறேன்னா பாத்துக்குங்க, நிலைமை எப்படின்னு."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனையோ நாள் கழிச்சுப் பாடுறே. அதைப் போய் எப்படி நிறுத்தச் சொல்றது? சொன்னா உடைஞ்சு போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. கடை வேற வருது."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. "எனக்கும் நிறுத்த மனசில்லைங்க. ஆனா இதை எழுதினவ தெளிவா இருந்தா. அவ பேச்சைக் கேளுங்க, என் பேச்சைக் கேக்காதீங்க."

முதலில் டாக்டருக்கு போன் செய்தேன். அன்று மதியமே வரச் சொன்னார். அடுத்து முதலாளியம்மா.

"நாளைக்கு சாவி வேண்டாம்மா. உடம்பு சரியில்ல, ரெண்டு வாரம் வேணும்."

"அதுக்குள்ள வேற யாருக்காவது குடுத்துட்டா?"

"குடுங்கம்மா. கடை போனா அழுவேன். நானே நிலைதவறிப் போயிட்டா கடையை வச்சு என்ன பண்றது?"

"சாயங்காலம் பத்து கஸ்டமர் நின்னாலும் நேரமாச்சுன்னு கிளம்பிப் போறவ நீ. முன்னெல்லாம் எரிச்சலா வரும். கடையை யார்கிட்ட குடுக்கலாம்னு யோசிச்சப்ப, அந்த ஒழுங்குக்காகவே உன் ஞாபகம்தான் வந்துச்சு. ரெண்டு வாரம்தானே, நாற்காலி எங்கயும் ஓடிடாது."

டாக்டரிடம் கிளம்புமுன் தாளை மறுபடி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: 'வாஷிங் மெஷின் கையேட்டைப் படித்தால்.' கணவரிடம் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் கீழே தன் பங்குக்கு அவரும் ஒரு வரி எழுதினார்: 'பயமாக இருந்தாலும் காட்டுவேன்.'