பதியாத நம்பர்

வில்லியனூர் பக்கத்து மென்பொருள் அலுவலகத்தில், தென்றலின் திரையில் அந்தச் சோதனை மறுபடியும் சிவப்பாக விழுந்தது. ஒரு மருத்துவமனைக்கான மென்பொருளில் நோயாளியின் முகவரியையும் போன் நம்பரையும் மாற்றிச் சேமித்து, டேட்டாபேஸில் இரண்டும் மாறியிருக்கின்றனவா என்று தானாகவே பார்க்கும் சோதனை. முகவரி மாறியிருந்தது. நம்பர் பழையதாகவே இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பும் இப்படித்தான் தோற்றது. "ஸ்கிரீன்ல சரியாத்தான வருது? டெஸ்ட்டுதான் தப்பு. ஸ்கிப் பண்ணிட்டு அனுப்பு," என்றார் டீம் லீடர் அரிகரன். அவளும் சோதனையை நிறுத்திவிட்டு மென்பொருளை மருத்துவமனைக்கு அனுப்பினாள். இன்று எதற்கோ அதைத் திரும்ப ஓட்டியவளுக்கு மனசு கேட்கவில்லை.

ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். டப்பாவில் சாப்பாடு ஆறிப்போனது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் முகவரி மட்டும்தான் உள்ளே போகிறது. திரையோ தட்டியதையே காட்டி 'சேமிக்கப்பட்டது' என்கிறது. சோதனை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இந்த ஆறு மாதத்தில் அப்படி இரண்டையும் ஒன்றாக மாற்றிய நோயாளிகள் பதினேழு பேர் என்று பதிவுகளில் தெரிந்தது. மருத்துவமனை நர்ஸ் சகாயராணிக்குப் போன் செய்து, அவர்கள் எழுதிக் கொடுத்த ஃபாரங்களை எடுக்கச் சொன்னாள். ஒன்பதாவது பெயரில் சகாயராணியின் குரல் நின்றது.

"காசம்மாள், சுத்துக்கேணி. மார்புல கட்டிம்மா. ரிசல்ட் வந்ததும் அஞ்சு வாட்டி கூப்ட்டோம். ரிங்கே போவல."

ஃபாரத்திலிருந்த நம்பருக்குச் சகாயராணி அடித்ததும் காசம்மாள் எடுத்தாளாம். "நீங்க கூப்புடலியே, ஒண்ணுமில்லன்னு நெனச்சிக்கினேன்," என்றாளாம். மறுநாளே டாக்டரைப் பார்க்க வரச் சொல்லிவிட்டாள் சகாயராணி.

"ஃபிக்ஸ் பண்ணி அனுப்பிடு. வெளிய ஒண்ணும் சொல்லாத," என்றார் விஷயத்தைக் கேட்ட அரிகரன். தென்றல் பிழையைச் சரிசெய்து அனுப்பினாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் அறையிலிருந்து காசம்மாள் தனியாக வெளியே வந்தாள். கட்டி அக்குள் வரை பரவிவிட்டது, அப்போதே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்று சகாயராணி தென்றலிடம் மெல்லச் சொன்னாள்.

தென்றல் எதிரே போய் நின்றாள். "உங்க நம்பர் கம்ப்யூட்டர்ல ஏறலங்க. அத காட்டிக் குடுக்கற டெஸ்ட்ட நிறுத்துனது நான்தான்."



"நீ சொல்றது இன்னான்னே எனக்குப் புரியலம்மா," என்றாள் காசம்மாள். ரிப்போர்ட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, திருக்கனூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.