நாற்பதாயிரம் மைல்

நான் பால் பாக்கெட் அடைக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். எந்த ஊரில் மெஷின் மூச்சை நிறுத்தினாலும் கம்பெனி என்னை விமானத்தில் அனுப்பும். அதுவும் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டில், இரண்டு இடங்களில் இறக்கி ஏற்றி. மலிவு டிக்கெட் என்றால் பறந்த தூரத்தில் கால்வாசிதான் விமானக் கம்பெனி தரும் பரிசு மைலாக என் கணக்கில் ஏறும். ஆனால் அவர்கள் தங்க அட்டை கொடுப்பது எத்தனை தடவை ஏறினோம் என்பதை வைத்து. அப்படி ஏறி இறங்கியே தங்க அட்டைக்காரன் ஆனேன். எல்லாருக்கும் முன்னால் ஏறிப்போய், கடைசி வரிசை நடு சீட்டில் உட்காரும் பாக்கியம் கிடைத்தது.

ஆறு வருடத்தில் நாற்பதாயிரம் மைல் சேர்ந்திருந்தது. அதைக் கொடுத்தால் ஒருவர் போய்வர இலவச டிக்கெட் வரும். நாட்டின் மறுகோடியில் மனைவியின் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை இதய ஆபரேஷன்.

"அவ கண்ணு முழிக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும்ங்க" என்றாள். தலையாட்டினேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார்.

"உன் மைலை வெச்சு என் சீட்டை முன்வரிசைக்கு மாத்திக் குடுப்பா. டிக்கெட் கம்பெனி எடுத்தது. அப்ப மைலும் கம்பெனியோடதுதானே?"

இருபது வருடமாக அவர் முன்னால் "சரிங்க சார்" தவிர என் வாயில் வேறெதுவும் வந்ததில்லை. அன்றும் அதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்ப கால் வீக்கம்?" என்று வந்துவிட்டது.

"என்னது?"

பேன்ட்டைத் தூக்கிக் காட்டினேன். "இதுவும் அந்த டிக்கெட்டுல வந்ததுதான் சார். கம்பெனியே வெச்சுக்கட்டும். முதுகு வலியும் இருக்கு, சேர்த்து எழுதிக் குடுத்துடறேன்."

ஆபீசில் டிக்கெட் போடும் அம்மா கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருமுவதுபோலச் சிரித்தார்.

"வாயைக் குறை. பாஸ்வேர்டை அந்தம்மாகிட்ட சொல்லு."

"நானே அடிக்கிறேன் சார்."

அந்தம்மாவின் கீபோர்டில் வியர்த்த விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாயிற்று. வீரம் இத்தனை கேவலமாக வியர்க்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாவது தடவை திறந்தது. நாற்பதாயிரத்தையும் மனைவி பெயருக்கு டிக்கெட்டாக மாற்றினேன். முதலாளி குனிந்து படித்தார். காது சிவந்தது.

"என்ன திமிருய்யா உனக்கு!"

அவர் எதிரிலேயே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பெட்டியை எடுத்து வை. நாளைக்குக் காலையில கிளம்பற."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள். உடனே பயம் வந்துவிட்டது அவளுக்கு. "ஏங்க, கம்பெனியில கேட்டீங்களா?"

முதலாளி காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"அவங்களை எதுக்குடி கேக்கணும்?"