திரையில் தங்கிய கொண்டை

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் திரைத்துணிக் கடைதான். ஆனால் வருகிறவர்கள் படியேறும்போதே, "சின்னவங்க இல்லையா?" என்று கேட்பார்கள். அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

தங்கையிடம் ஓரம் விரிசல்விட்ட பழைய டேப்லெட் ஒன்று இருந்தது. வீட்டு ஜன்னலைப் படமெடுத்து, விரலாலேயே நிறம் மாற்றிக் காட்டி ஆளை மயக்கிவிடுவாள். அதைவிட ஒசத்தியாக வேண்டுமென்றுதான், காகிதத்தில் எழுதுகிற மாதிரியே இருக்கும், கண் கூசாது என்று கேள்விப்பட்டு, அக்கா இ-இங்க் டேப்லெட் வாங்கினாள்.

"கறுப்பு வெள்ளைதானாக்கா?"

"வரையத் தெரிஞ்சவளுக்கு அது போதும்டி."

புது வீட்டுக்குத் திரை போட டாக்டரம்மா வந்த அன்று அக்கா முந்திக்கொண்டாள். இந்த ஒரு வேலையாவது 'பெரியவங்க செஞ்சது' என்று பேர் வாங்க வேண்டும். டாக்டரம்மாவுக்காகக் காத்திருந்த நேரத்தில், தங்கை யாரோடோ போனில் சிரிக்கும் சத்தம் காதில் விழ விழ, புது டேப்லெட்டில் பேனா தானாக அவளை வரைந்திருந்தது. பூசணிக்காய் அளவு கொண்டை, வாயெல்லாம் பல். கொண்டையை அழுத்தி அழுத்திக் கறுப்பாக அப்பியதில் மனசு கொஞ்சம் ஆறியிருந்தது.

டாக்டரம்மா உட்கார்ந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போய், கூடத்து ஜன்னலைத் திரையோடு மடிப்பு மடிப்பாக வரைந்து காட்டினாள். கோடுகள் அழகாகத்தான் விழுந்தன.

"என்ன கலர் போடலாம்?"

"இளம்பச்சை, இல்லேன்னா செம்மண் கலர்."

"எதைப் போட்டாலும் இதுல சாம்பலாத்தானே தெரியும்?" டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தாள். "ஆமா, திரைக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?"

முந்தைய பக்கம் முழுசாக அழியாமல் நிழலாகத் தங்கியிருந்தது. அந்தக் கருவியின் குணம் அப்படி.

எட்டிப் பார்த்த தங்கையின் கை மெல்லப் பின்னந்தலைக்குப் போனது. ஒரு கணம்தான்.

"அது திரையைச் சேர்த்துக் கட்டுற குஞ்சம் மேடம். அக்காவோட யோசனை" என்றவள், அந்தப் படத்தைத் தன் டேப்லெட்டில் பிடித்து, அக்கா போட்ட மடிப்புகளின் மேலேயே பச்சையைப் பரவவிட்டாள். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"அளவெடுக்க நீங்களே வந்துடுங்கம்மா" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா, டேப்லெட் திரையைத் துடைக்கிற பொத்தானை அழுத்தினாள். மொத்தமும் கறுத்து வெளுத்தது. கொண்டை போய்விட்டது, ஜன்னல் மட்டும் நிறமில்லாமல் நின்றது.

"அவ்வளவு பெருசாவாக்கா இருக்கு என் கொண்டை?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். திட்டாமல் காப்பாற்றவும் இவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதுதான் அக்காவுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.