கரண்ட் போன அரை நிமிஷம்

அம்மையார்குப்பத்தில் துளசிங்கமும் அவன் மனைவி அம்சாவும் ஒரே கொட்டகையில், பக்கத்துப் பக்கத்துத் தறியில் லுங்கி நெய்தார்கள். பதினோரு வருஷமாக அப்படித்தான். பவர்லூம் ஓடும்போது பேச முடியாது. நூல் அறுந்தால் கையைக் காட்டுவார்கள். சாப்பிடப் போகலாம் என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. சண்டை ஒன்றும் கிடையாது, பேச்சுதான் குறைவு.

எழுபத்தொன்பதில், ஆடி முடிந்த சமயம், சென்னையிலிருந்து பரந்தாமன் என்பவர் பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரோடு வந்தார். வயலின்காரர். பம்பை, உடுக்கை, கிதார் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுமாதிரி சங்கீதம் செய்துகொண்டிருந்தார். தறிச் சத்தம் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டு, அம்சாவின் தலைக்கு மேலே உத்தரத்தில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு மணி நேரம் பதிவு செய்தார். நடுவில் கரண்ட் போய் வந்தது. துளசிங்கம் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திருத்தணிப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கச்சேரி. உங்கள் தறியும் அதில் வருகிறது, இருவரும் அவசியம் வரவேண்டும் என்று எழுதியிருந்தார்.

போனார்கள். நூறு பேர் இருந்தார்கள். உடுக்கையும் கிதாரும் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி ஒலித்தன. சினிமாப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் நெளிந்தார்கள். "இன்னாய்யா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டுவிட்டு எழுந்து போனார். அவர் பின்னால் இருபது பேர் போனார்கள்.

அதன் பிறகுதான் டேப் ஓடியது. மண்டபமே தறிக்கொட்டகை ஆகிவிட்டது. பம்பை அதோடு சேர்ந்துகொண்டது.

"நம்ம தறி, பாவா" என்றாள் அம்சா கணவனிடம்.

சட்டென்று தறிகள் நின்றன. பம்பையும் நின்றது. அந்த அமைதியில் ஒரு பெண் குரல் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.

*ஏரிக்கரை ஓரத்துல எள்ளுப்பூ பூத்திருக்கு*
*பேசாமப் போறவரே பேரச் சொல்லிப் போவீங்களா*

பிறகு, "அய்யய்யோ, கரண்ட் பூட்ச்சா" என்று ஒரு சிரிப்பு. கூட்டமும் சிரித்தது. வயலின் அந்த மெட்டை மெதுவாக எடுத்துக்கொண்டது.

துளசிங்கம் திரும்பிப் பார்த்தான். அம்சா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தினமும் உட்கார்ந்து இவள் பாடியிருக்கிறாள். ஒரு நாள்கூட அவன் காதில் விழுந்ததில்லை. அவள் எழப் போனபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இரு அம்சா. முடியட்டும்."

கச்சேரி முடிந்ததும் பரந்தாமன் நேராக அவர்களிடம் வந்தார். "முன்னாடியே உங்களைக் கேட்டிருக்கணும்மா. தப்புதான். வேணாம்னா அழிச்சிடுறேன்."

அம்சா கணவனைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற? உன் கொரலு."

கொஞ்சம் யோசித்தாள். "பாட்டு இருக்கட்டுங்க. அந்த கரண்ட் பூட்ச்சான்றத மட்டும் எடுத்துடுங்க."

"எனக்கு அதுதாம்மா ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "அப்போ அதுவும் இருந்துட்டுப் போவட்டும்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது.

"யாருக்காவப் பாடிக்கினு இருந்த?"

"யாருக்கும் இல்ல பாவா. கை வேல செய்யுது, வாய் சும்மா கெடக்குதேன்னுதான். நானே கட்னது."

"மீதி எப்படி? ரெண்டு அடியோட நின்னுபோச்சே."

"பஸ் வந்துடுச்சு."

"போவட்டும். அடுத்ததுல போலாம்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. துளசிங்கம் சிமெண்ட் பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தான். அம்சா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பாடினாள். ஐந்தாவது அடியில் ஒரு வார்த்தை அவனுக்குப் பிடிபடவில்லை. கேட்டான். அவள் சொன்னாள். பிறகு இன்னொன்று கேட்டான்.